ஒரே அச்சில் அடித்த இரண்டு ஐந்து ரூபா

ஒரு காசில் வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது இந்தக் காசுக்கு மட்டும் நேர்ந்ததா, அல்லது இதை அடித்த அச்சிலேயே இருந்ததா? காசுக்கு நேர்ந்தது என்றால் அது கீறல், நசுங்கல், துரு; அத்தோடு சரி. அச்சில் இருந்தது என்றால் அதே அடையாளம் அதே இடத்தில் வேறு காசுகளிலும் இருந்தாக வேண்டும். ஒரு அச்சு இலட்சக்கணக்கில் காசு அடிக்கக்கூடியது. அச்சு வகை என்று சேகரிப்பவர்கள் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

திருகோணமலை மத்திய வீதியில் மாமாவுக்கு ஒரு பலசரக்குக் கடை. கடை பூட்டும் நேரத்தில் லாச்சிச் சில்லறையை எண்ணிக் கட்டுவது என் வேலை. பஸ் நிலையத்திலிருந்தும் மீன் சந்தையிலிருந்தும் வருகிற சனம் தரும் காசு என்பதால் ஐந்து, பத்து ரூபாக் குற்றிகள் தாராளமாகச் சேரும். ஒரு ரூபாவும் இரண்டு ரூபாவும் இப்போது கடைகளில் அருமை. அவற்றை உண்டியலிலும் வீட்டு டப்பாக்களிலும்தான் தேட வேண்டும். 2013 என்று ஆண்டு போட்ட ஐந்து ரூபா ஒன்றில் எழுத்துகளின் ஓரம் இரட்டிப்பாகத் தெரிந்தது. அதிலிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

நகை வேலை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் ஒன்று வாங்கினேன். ஆனால் லூப்பை விட முக்கியம் வெளிச்சம். மேலே டியூப்லைட், பக்கத்தில் எல்ஈடி பல்ப் என்று இரண்டும் எரிந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு நிழல் விழும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கைத் தாழ்வாகப் பக்கத்தில் வைத்து, காசைக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரட்டிப்பு வெளிச்சத்தோடு சேர்ந்து இடம் மாறினால் அது நிழல். அசையாமல் நின்றால் உலோகத்தில் இருக்கிறது.

என் காசில் அது அசையவில்லை. சரி, அப்படியென்றால் எந்த இரட்டிப்பு? இங்கே அச்சு எப்படி உருவாகிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். எழுத்தும் சின்னமும் புடைத்து நிற்கும் தாய் அச்சை உருக்குக் கட்டையில் அழுத்தினால், அவை குழிந்து பதிந்த வேலை அச்சு கிடைக்கும். காசை அடிப்பது இந்த வேலை அச்சு. முன்பெல்லாம் உருவம் ஆழமாகப் பதிய ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தல் மயிரிழை விலகினாலும் அச்சிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். டபுள்ட் டை என்பது இதுதான். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதில் பெயர் போனது. அதன் ஆண்டெண்ணை லூப் இல்லாமலே இரண்டாகப் பார்க்கலாம். சிகரெட் பெட்டியோடு வந்த மிச்சக்காசாகவே அது பலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 1990களின் பிற்பகுதியில் அங்கே ஒரே அழுத்தலுக்கு மாறிவிட்டார்கள். அதற்குப் பிறகும் டபுள்ட் டை வருகிறது, ஆனால் பெரும்பாலும் காசின் நடுப்பகுதியில், மிகச் சிறியதாக.

நான் பார்த்த ஐந்து ரூபாவில் இரண்டாவது உருவம் தட்டையாக, தாழ்வாக, எழுத்தின் ஓரத்தில் ஒரு படி வெட்டியது போல் இருந்தது. எழுத்தின் மேற்பகுதியும் அந்த அளவுக்குக் குறுகியிருந்தது. அது மெஷின் டபுளிங். அடிக்கும் கணத்தில் தளர்ந்திருந்த அச்சு சற்று நகர்ந்து, அப்போதுதான் உருவான எழுத்தின் ஓரத்தைத் தட்டிவிடுகிறது. இது அச்சு வகையில் சேராது. உண்மையான டபுள்ட் டையில் எழுத்து குறுகாது, தடிக்கும். இரண்டு உருவமும் வட்டமாகப் புடைத்து நிற்கும். எழுத்தின் முனைகளில் சின்னப் பிளவு தெரியும். அந்தப் பிளவைத்தான் நான் முதலில் தேடுவேன். இணையத்தில் பெரிய விலை போட்டு விற்கப் பார்க்கும் இரட்டை எழுத்துக் காசுகளின் படங்களில் நான் பார்த்த அநேகமானவை தட்டைப் படிகள்தான். அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

தேய்ந்த அச்சு தரும் இரட்டிப்பு வேறு. அதில் ஓரம் கூர்மையில்லாமல் மங்கிப் பரவியிருக்கும், விளிம்பை ஒட்டிய எழுத்துகளில் அதிகமாக இருக்கும், வெற்றிடம் தோடம்பழத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். நம்முடைய இப்போதைய குற்றிகள் உருக்கு. கடினமான உலோகம் அச்சைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் இந்த வகை மங்கல் நிறையவே கண்ணில் படுகிறது.

திருகோணமலைக்காரருக்கு இன்னொரு தொல்லை உப்புக் காற்று. 2013 ஐந்து ரூபா பித்தளைப் பூச்சுப் பூசிய உருக்கு, காந்தத்தில் ஒட்டும். பூச்சில் ஒரு சிறு வெட்டு விழுந்தால் போதும், உள்ளே துருப்பிடித்து மேலே கொப்புளம் கிளம்பும். மீன் சந்தைக் காசில் இது சாதாரணம். அச்சில் துண்டு உடைந்தால் காசில் வரும் மேட்டுக்கும் இந்தக் கொப்புளத்துக்கும் வித்தியாசம் காண, பல்லுக்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். கொப்புளம் இளகும் அல்லது உடையும், அச்சு மேடு அசையாது. துருவைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். தேய்த்தால் பார்க்க வேண்டிய மேற்பரப்பே போய்விடும்.

இன்னொரு காசில் ‘இலங்கை’யில் ங் மேல் புள்ளி இல்லை. மாமா அதைப் பார்த்துவிட்டு, “பிள்ளை, தமிழிலயும் பிழை விட்டுட்டாங்களோ?” என்று கேட்டார். அச்சின் அந்தச் சின்னக் குழியில் கிரீஸும் தூளும் அடைத்தால் புள்ளி விழாது. அடைப்பு விலகினால் அடுத்தடுத்த காசுகளில் புள்ளி திரும்ப வந்துவிடும். அதனால் இதையும் வகை என்று எழுத முடியாது. ஆனாலும் நம் எழுத்து உள்ள காசில் மட்டுமே வரக்கூடிய அடையாளம் என்பதால் அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வரும்போதுதான் கோடு போட்ட காசு கிடைத்தது. அதுவும் 2013 ஐந்து ரூபா. ஆண்டெண்ணின் 3இலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய, நெளிந்த கோடு. பக்கவாட்டு வெளிச்சத்தில் அது குழியவில்லை, புடைத்து நின்றது. கீறல் என்றால் உலோகம் உள்ளே போயிருக்கும். புடைத்த கோடு என்றால் அச்சில் வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்புக்குள் உலோகம் ஏறியிருக்கிறது. ஆனால் ஒரு காசு மட்டும் சாட்சி ஆகாது. நம் நாட்டில் நாணயம் அடிக்கும் ஆலை இல்லை. மத்திய வங்கி வெளிநாட்டு நாணயச்சாலைகளில் அடிப்பித்துத்தான் கொண்டுவருகிறது. ஒரே அச்சுக் காசுகள் ஒரே பையில் வந்து ஒரே ஊரில் இறங்கியிருக்கலாம் என்ற நம்பிக்கையில் லாச்சியைத் தொடர்ந்து பார்த்தேன். பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடைக்காரரும் தன் ஐந்து ரூபாக்களைத் தந்து மாற்றிக்கொண்டார். பிறகு, கிண்ணியா பஸ்ஸில் கிடைத்த மிச்சக்காசில் இரண்டாவது வந்தது. அதே 3, அதே நெளிவு. ஆனால் இதில் கோடு விளிம்பைத் தொட்டுவிட்டது. முதற்காசில் அது பாதி வழியில் நின்றது. அப்படியென்றால் இரண்டாவது காசு அதே அச்சில் பிந்தி அடித்தது, இடையில் வெடிப்பு வளர்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

வெடிப்பு பெருத்து விளிம்போரத்தில் அச்சின் ஒரு துண்டே கழன்றால், அந்த இடம் எழுத்தே இல்லாத மேடாகக் காசில் வரும். சேகரிப்பவர்கள் அதை ‘கட்’ (cud) என்பார்கள். இந்த அச்சு அதுவரை ஓடியதா, அதற்கு முன்பே கழற்றிவிட்டார்களா என்பதுதான் இப்போது நான் தேடுவது. இரண்டு காசையும் தனித்தனி உறையில் போட்டு, ஆண்டு, கோட்டின் இடம், நீளம், கிடைத்த இடம் எல்லாம் கொப்பியில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் ஒரே விளக்கில், ஒரே கோணத்தில் படமும் எடுத்திருக்கிறேன். உங்கள் கையில் 2013 ஐந்து ரூபா இருந்தால் 3க்குப் பக்கத்தில் ஒருக்கால் சாய்த்துப் பாருங்கள். கோடு புடைத்து நின்றால், அது எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் அளந்து எழுதி வையுங்கள்.