பெயர் போட்டால் எவ்வளவு கூட?

துண்டுத் துணிகளை இணைத்து நான் செய்யும் குவில்ட்டுகளுக்குக் கைத்தையல் போட்டுத் தரும் பெண்ணிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "லேபலில் உங்கட பெயரையும் போடுவமா?"

அவர் திருப்பிக் கேட்டது: "போட்டா எவ்வளவு கூட, அக்கா?"

பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். அவர் அடுத்த குவில்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வத்தளைக்குப் பஸ் ஏறினார். சண்டை இல்லை, மனத்தாங்கலும் இல்லை. ஆனால் துணி வெட்டும்போதும் அயர்ன் பண்ணும்போதும் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. நான் நல்ல மனதோடுதான் கேட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நல்ல மனதோடு கேட்டவளுக்கு அதை இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டிவருமா என்பது வேறு கதை.

லேபல் என்றால் குவில்ட்டின் பின்பக்கம் கீழ் மூலையில் நான் வைத்துத் தைக்கும் உள்ளங்கையளவு வெள்ளைத் துணி. என் பெயர், கொழும்பு, ஆண்டு. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகச் செய்யும் வேலை. அது இல்லாவிட்டால் குவில்ட் வெறும் போர்வைதான். நாலு கை மாறினால் யார் செய்தது என்று தெரியாமல் போய்விடும். எங்கள் வீடுகளில் பழைய சேலையை மடித்துப் பிள்ளைக்குப் போர்வை தைத்த எந்தக் கிழவியின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? அதனால் லேபல் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம்தான்.

வேலையை நாங்கள் பிரித்துக்கொள்வது இப்படி. துணி தேடுவது, நிறம் சேர்ப்பது, வெட்டுவது, துண்டுகளை மெஷினில் இணைத்து மேற்பக்கத்தை முடிப்பது எல்லாம் நான். புறக்கோட்டையில் இரண்டாம் குறுக்குத் தெருவிலும் கெய்சர் வீதியிலும் அலைந்து, கிலோக் கணக்கில் விற்கும் கட்பீஸ் மூட்டைகளுக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். கார்மென்ட்ஸ் மிச்சம் என்பதால் ஒரே மூட்டையில் நல்ல பருத்தியும் இருக்கும், தொட்டால் வழுக்குகிற பொலியெஸ்டரும் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து சாயம் போகிறதா என்று ஊறவைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பும் கறுப்பும்தான் எப்போதும் துரோகம் செய்யும். வெள்ளவத்தையில் கடலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருப்பதால் காயப்போட்ட துணி உப்புக் காற்றில் பிசுபிசுக்கும், ஊசிப் பெட்டியைத் திறந்து வைத்தால் துருப்பிடிக்கும். இதற்கு நடுவில் வாட்ஸ்அப்பில் "எப்ப முடியும் அன்ரி?" என்று ஆட்கள். ஒவ்வொரு தையலுக்கும் விளிம்பில் கால் அங்குலம் விடுவது விதி. ஒரு நூலிழை பிசகினாலும் பத்துத் துண்டு சேரும்போது மூலை மூலையோடு சேராது.

மேற்பக்கம் முடிந்ததும் அவர் கைக்குப் போகும். மேலே துண்டுத் துணி, நடுவில் பஞ்சுவிரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் தைப்பதுதான் அவருடைய வேலை. அவர் நூல் முடிச்சைப் புதைப்பதை நான் சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முடிச்சு மேல்துணியில் வந்து தட்டி நிற்கும். ஒரு சின்னச் சுண்டு. டப் என்று அது துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய்விடும், தடமே இருக்காது. பிறகு ஊசியை மேலும் கீழும் ஆட்டி நாலைந்து தையலை ஊசியிலேயே கோர்த்து ஒரே இழுப்பில் இழுப்பார். அங்குலத்துக்கு எட்டு ஒன்பது தையல், முன்னும் பின்னும் ஒரே அளவு. எனக்கு அது வராது. என்னுடையது ஐந்தோ ஆறோதான், பின்பக்கம் பார்க்கச் சகிக்காது.

ஒரு இரட்டைக் கட்டில் குவில்ட்டில் என் வேலை கிழமைக் கணக்கு, அவருடையது மாதக் கணக்கு. இதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர் போடும் எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கலா பொலவில் போய் நிற்கிறது. 1993இல் தொடங்கிய அந்தத் தெருச் சந்தை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் மரநிழலில் நடக்கும். ஓவியர்களும் சிற்பிகளும் நடைபாதையில் வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு பெண்மணி என் குவில்ட் ஒன்றைத் தடவிப் பார்த்து, இந்தக் கைத்தையல் முழுக்க நீங்களே போட்டதா என்று கேட்டார். டிசைனும் இணைத்ததும் நான், கைத்தையல் இன்னொருவர் என்று சொன்னேன். அவருடைய கை துணியிலிருந்து எடுபட்டது. "ஓ, அப்ப நீங்க டிசைன் மட்டும்தானா?" என்று கேட்டு விலை பேசத் தொடங்கினார். அது வரைக்கும் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்.

அந்த "மட்டும்" எனக்கு எரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில்தான் லேபலில் இரண்டு பெயரையும் போட்டால் என்ன என்று தோன்றியது. அமெரிக்காவில் குவில்ட் கண்காட்சிகளில் துண்டுகளை இணைத்தவர் பெயரையும் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைத்தவர் பெயரையும் தனித்தனியாகப் போடுவது வழக்கம். இரண்டு பேர் செய்தவைக்குத் தனிப் பிரிவு வைத்துப் பரிசு கொடுக்கிற போட்டிகளும் உண்டு. வெளிப்படையாக எழுதிவிட்டால் கேள்வியே வராது. சரி, அப்படியென்றால் நான் அவருக்காகக் கேட்டேனா, அடுத்த சந்தையில் எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று கேட்டேனா? இரண்டும்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் சொன்ன மீதியையும் எழுதுகிறேன். அவர் ஹட்டன் பக்கம். சின்ன வயதிலேயே கட்டுநாயக்கவுக்குக் கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்தவர். 1978இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் அப்படி வந்திருக்கிறார்கள்! அங்கே அவருடைய மெஷின் எது தெரியுமா? லேபல் மெஷின்.

"நான் கொலருக்கு லேபல் அடிச்சவ அக்கா. கம்பெனி பேரு, சைஸு, மேட் இன் ஸ்ரீலங்கா. நாள் முழுக்க அதேதான். அதுல யாரு பேரு இருந்தா எனக்கென்ன? டார்கெட் அடிச்சாத்தான் காசு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "நீங்க சும்மா போடுறதுன்னா போடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாளைக்கு நான் காசு கூட்டிக் கேக்கயில, பேரு போட்டேனேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

இல்லை, நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இதுதான்: என்னை இவர் யார் என்று நினைத்தார்? நான் கம்பெனியா? ஆனால் அவர் கேட்டது நியாயம் என்றும் அதே நேரத்தில் தெரிந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை பீஸ் என்று கடிகாரத்தை வைத்து வேலையை நிமிடக் கணக்கில் அளக்கும் இடத்தில் வளர்ந்தவர். அங்கே சுவரில் போட்டோ ஒட்டிப் பாராட்டினால் அந்த மாதச் சம்பளம் கூடாது என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, நான் அப்படியான இடத்தில் வேலை செய்ததில்லை. பெயர் என்பது எனக்கு மரியாதை; அவருக்கு இன்னொருவர் கையிலிருந்து வரும் சாமான், கூலியில் கழிபடப் போகிறதோ என்று புரட்டிப் பார்க்க வேண்டியது.

கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் என் பக்கமும் இருக்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஓடியபோது பஞ்சுவிரிப்பு, நூல், ஊசி எல்லாம் அதோடு ஓடின. கரண்ட் இல்லாத அந்த மாதங்களில் மெஷினை மூடி வைத்துவிட்டுக் கைத்தையலை நம்பித்தான் இருந்தேன். விலையைக் கூட்டினால், கடையில் இறக்குமதிக் கம்பளிப் போர்வை இதில் கால்வாசி விலைக்கு இருக்கிறதே என்று கேட்கிறார்கள். பழைய சேலைகளைத் தாங்களே கொண்டுவந்து தருகிறவர்கள், துணி எங்களுடையதுதானே, பிறகென்ன இவ்வளவு காசு என்கிறார்கள். என் வேலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்று நான் புலம்புவது இதைத்தான். ஆனால் அவருக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று முடிவு செய்தது யார்? நான். எத்தனை மணித்தியாலம் போகிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சில இடங்களில் கைத்தையலுக்குச் செலவான நூலைக் கஜக்கணக்கில் அளந்து கூலி வாங்குவார்கள் என்று வாசித்தபோது, நல்ல முறையாக இருக்கிறதே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கத்தைய கறுப்பினப் பெண்களின் குவில்ட்டுகள் 2002இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்துச் சுவரில் ஓவியங்களாகத் தொங்கின, ஒவ்வொன்றும் செய்தவர் பெயரோடு. குவில்ட் செய்கிற எல்லோரும் இதைத்தான் சொல்வோம், நானும் பயிலரங்குகளில் சொல்லியிருக்கிறேன். அதே வட்டாரத்துப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவு தொடங்கி, 1972இலிருந்து சியர்ஸ் கடைகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தார்கள். கோர்டுரோய் துணி, ஒரே மாதிரி, பெயர் கிடையாது. ஆனால் கைக்குக் கூலி வந்தது. இந்தப் பாதியை நான் எந்தப் பயிலரங்கிலும் சொன்னதில்லை. சுவரில் தொங்கிய கதைதான் சொல்ல நன்றாக இருக்கிறது. இந்த இரண்டில் எதை எடுப்பீர்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்டால், ஏன் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்பார்கள் போல. நானும் அவரிடம் அப்படித்தானே கேட்டிருக்க வேண்டும்? பெயரும் காசும் என்று சேர்த்து? கேட்டது பெயரை மட்டும். காசைப் பற்றிய பேச்சை அவர்தான் எடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் கூட இடிக்கிறது. பெயரில் அவருக்கு ஆசையில்லை என்று தெரிந்ததும் எனக்குள்ளே ஒரு நிம்மதி வந்தது. லேபலில் என் பெயர் தனியாகவே இருக்கலாம், கேட்டுப் பார்த்தேன் என்ற திருப்தியும் எனக்கு மிச்சம். அந்த நிம்மதி வரவில்லையென்றால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

என் தோழி ஒருத்தி, அவளும் கைவேலைக்காரி, நீ தேவையில்லாமல் குழப்பிக்கொள்கிறாய் என்கிறாள். கட்டடக் கலைஞர் பெயர்தானே சொல்கிறோம், மேசன் பெயரையா சொல்கிறோம் என்று கேட்கிறாள். எனக்கு அந்த நியாயம் ஒத்துவரவில்லை. கலா பொலவில் அந்தப் பெண்மணி தடவிப் பார்த்தது என் டிசைனை இல்லை, அவருடைய தையலைத்தான். ஆனால் தூரத்திலிருந்து அந்தப் பெண்மணியை நடந்து வரவைத்தது என் நிறங்கள் என்றும் நினைத்துக்கொள்கிறேன். இந்த வழக்கில் நானே வக்கீல், நானே நீதவான்.

பிறகு கூலியைக் கூட்டினேன். அவர் மனதில் வைத்திருந்த தொகை வேறு, முகத்தைப் பார்த்தாலே விளங்கியது. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை, "சரிங்க அக்கா" என்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். குவில்ட் விலையையும் அதற்கேற்றாற்போல் ஏற்றினேன். வழக்கமாக வாங்கும் ஒரு வீட்டார் அதற்குப் பிறகு பேச்சுமூச்சில்லை. லேபலில் இப்போதும் என் பெயர் மட்டும்தான். இரண்டு பெயரும் போட்டு ஒன்று எம்பிராய்டரி செய்து பார்த்தேன், அதை எதிலும் வைத்துத் தைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க என்னால் ஏலும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், ஏலும். அவர் கேட்டால் கொடுப்பேன். கேட்கும் வரை ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று தெரியவில்லை.