பனியன் கம்பெனிக்கு டிரெய்னிங் ஆப் வாங்கிய கதை

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். பையர் ஆடிட்டில், அதாவது எங்களிடம் துணி வாங்கும் கம்பெனி சார்பில் நடக்கும் தணிக்கையில், "பயிற்சிப் பதிவுகள் சரியில்லை" என்று ஒரு குறிப்பு விழுந்தது. உடனே எல்லாப் பயிற்சியையும் டிஜிட்டலுக்கு மாற்றச் சொல்லி மேலிடத்து உத்தரவு. தீ பாதுகாப்பு, முதலுதவி, கெமிக்கல் கையாளுவது, ஊசி உடைந்தால் செய்ய வேண்டியது, பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் என்று பாடங்கள் என்னவோ கைவிரலில் அடங்கிவிடும். அலைய வைத்ததெல்லாம் மற்றவைதான். இதே வேலை தலையில் விழுந்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஆப் விற்கும் கம்பெனியின் டெமோ. பெரிய டிவி, வேகமான வைஃபை, ஆங்கிலத்தில் பேசும் அனிமேஷன், பாடம் முடித்தால் பேட்ஜ், முதலிடம் யாருக்கு என்று பட்டியல். முதலாளி மகனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. "இதில் எங்கள் டைலர் எப்படி உள்ளே போவார்?" என்று கேட்டேன். "மொபைல் நம்பர் போட்டால் ஓடிபி வரும் மேடம், சிம்பிள்" என்றார் வந்தவர். எங்கள் கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றேன். "அப்போ வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டுமே" என்றார். வேலை நேரத்துக்கு வெளியே பயிற்சி கொடுத்தால் அந்த நேரத்துக்குக் கூலி எங்கே என்றுதான் ஆடிட்டர் முதலில் கேட்பார். அதெல்லாம் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இல்லை.

இருந்தும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

ஓடிபி விஷயம் பயந்தபடியே ஆனது. செக்கிங் பிரிவில் பாதிப் பெண்கள் கொடுத்திருந்தது கணவர் நம்பரையோ மகன் நம்பரையோதான். இங்கே டேப்லெட் முன்னால் அக்கா உட்கார்ந்திருப்பார், ஓடிபி அவிநாசியில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கும் கணவர் போனுக்குப் போய்ச் சேரும். ஒடிசா, பீகார் பையன்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது புது நம்பரோடு வருவார்கள். ரீசார்ஜ் முடிந்து நாளான சிம்முக்கு எஸ்எம்எஸ்ஸும் வராது.

சரி, ஓடிபி வேண்டாம், "உங்களுக்கு நாளை பயிற்சி" என்று ஞாபகப்படுத்தவாவது எஸ்எம்எஸ் அனுப்பலாம் என்று பார்த்தால் அது தனிப் படலம். வணிக எஸ்எம்எஸ் அனுப்ப, டிஎல்டி என்ற, அனுப்புநர்களுக்கான பதிவுத் தளத்தில் கம்பெனியைப் பதிய வேண்டும், அனுப்புநர் பெயரைப் பதிய வேண்டும், ஒவ்வொரு செய்தியின் வாசகத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து செய்தியில் லிங்க் இருந்தால் அதையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அதுதான் காரணம் என்று யாரும் சொல்லாமலே எங்கள் வாசகம் திரும்பி வந்தது. இன்னொன்றும் கணக்கில் வையுங்கள்: ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும், தமிழில் 70தான். உயிர்மெய்யின் கொம்பும் காலும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். யாருக்கு, என்ன பயிற்சி, எந்த அறை, எத்தனை மணிக்கு என்று எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு போய்விடும். கடைசியில் லைன் சூப்பர்வைசர் வாயால் சொல்வதே போதும் என்று விட்டுவிட்டோம்.

தீபாவளிக்குப் பிறகு உண்மையான அடி விழுந்தது. பனியன் கம்பெனியில் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்களில் ஒரு பகுதி திரும்ப வராது, புது ஆட்கள் வருவார்கள். இது ஊருக்கே தெரிந்தது. புதியவர்களைச் சேர்க்கப் போனால், "லைசென்ஸ் தீர்ந்துவிட்டது" என்றது ஆப். போனவர்களை நீக்கினேன். அப்போதும் அதே பதில். ஒருமுறை பதிவான பெயர் வருடம் முடியும்வரை ஒரு லைசென்ஸைப் பிடித்துக்கொண்டிருக்குமாம். அதை வேறு ஆளுக்கு மாற்ற முடியாதாம். "அக்ரிமென்ட்லயே இருக்கு மேடம்" என்றார் அதே மனிதர், அதே புன்னகையோடு. இருந்தது, கடைசிப் பக்கத்தில். நீங்கள் கையெழுத்துப் போடுமுன் இந்த ஒரு கேள்வியை மெயிலில் கேட்டு மெயிலிலேயே பதில் வாங்கிவிடுங்கள்: காசு பதிவான ஆளுக்கா, அந்த மாதம் உள்ளே வந்த ஆளுக்கா, ஆள் போனால் அவர் இடம் காலியாகுமா?

வருடம் முடிந்ததும் மூடில் (Moodle) என்ற பயிற்சித் தளத்துக்கு மாறினோம். இலவச மென்பொருள், சர்வர் வாடகை மட்டும்தான். நிறுவியது பெரிய கதை இல்லை, தெரிந்த பையன் ஒருவன் செய்து கொடுத்தான். ஆட்களை மொத்தமாக ஏற்றியதில்தான் ஒரு நாள் போனது. பெயர்ப் பட்டியலை எக்செல்லில் சாதாரண சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் டோக்கன் நம்பர் 00412 என்றிருந்தால் எக்செல் அதை 412 ஆக்கிவிடும், அப்புறம் அந்த ஆள் எத்தனை முறை சரியாக அடித்தாலும் உள்ளே போக முடியாது. அந்த நம்பர்கள் இருக்கும் நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட்டாக மாற்றிவிடுங்கள். இப்போது டோக்கன் நம்பரும் ஒரு ரகசிய எண்ணும்தான் லாகின். பயிற்சி அறையில் பொதுவாகச் சில டேப்லெட்கள், ஹெட்போன்கள். ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்பைத் திரையில் நிறுத்திவைக்கும் ஸ்கிரீன் பின் வசதியைப் போட்டு, அதை விடுவிக்க ரகசிய எண் கேட்கும்படியும் வைத்துவிட்டால் யாரும் எளிதில் யூடியூப் ஆப்புக்குத் தாவ முடியாது.

பாடங்களைத் தயாரித்துத் தந்தது வேறொரு நிறுவனம். இப்படிப்பட்ட தளங்களில் ஏற்றும் பாடங்களுக்கு ஸ்கார்ம் என்று ஒரு பொது வடிவம் உண்டு. அவர்கள் அனுப்பியது ஸ்கார்ம் 2004 வகைப் பேக்கேஜ். மூடில் ஒழுங்காக ஓட்டுவது ஸ்கார்ம் 1.2ஐத்தான். இதை நான் சொல்லி அவர்கள் நம்புவதற்கே பல மெயில் ஆனது. 1.2ல் மாற்றி அனுப்பினார்கள். அடுத்த தலைவலி: கெமிக்கல் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் வந்தால் மறுபடி முதல் பக்கம். "பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க" என்பதைத் தவிர அவர்களிடம் பதில் இல்லை. மூடில் பயனர் மன்றத்தில் துழாவியபோதுதான் விடை கிடைத்தது. ஸ்கார்ம் 1.2ல், விட்ட இடத்தைக் குறித்துவைக்கும் பகுதிக்கு 4096 எழுத்துதான் இடம். எங்கள் பாடம் நீளமானது, நிறையக் கேள்விகள் கொண்டது, அதற்குள் அடங்கவில்லை. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கேட்டோம். வெட்டித் தர மறுபடி பில். மூலக் கோப்பும் எங்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

சான்றிதழ்? அதுவும்தான். மூடில் பிடிஎஃப் தயாரிக்கப் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் என்ற நிரலுக்குத் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாது. செல்வி என்ற பெயரில் கொம்பு "ச"வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அந்த அக்கா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் பேரா மேடம்?" என்றார். இப்போது சான்றிதழை மட்டும் வேர்டில், பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து நிரப்பும் மெயில் மெர்ஜ் போட்டு அச்சடிக்கிறோம்.

எல்லாப் பாடத்தையும் திரைக்குள் தள்ளவும் இல்லை. பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கு நேரில்தான். 2013 சட்டத்தின் 19ஆம் பிரிவு, விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை அவ்வப்போது நடத்துவது நிர்வாகத்தின் கடமை என்கிறது. வீடியோ ஓட்டி ஆமாம்-இல்லை கேள்வி கேட்டால் கணக்குக் காட்டலாம். ஆனால் ஹெட்போன் மாட்டிய பெண் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார்? உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினர் வந்து பெண்களோடு மட்டும் உட்கார்ந்து பேசியபோதுதான், "சூப்பர்வைசரே பண்ணினா யார்கிட்ட சொல்றது?" என்று கேள்வியே வந்தது. ஒடியா பேசும் பெண்களுக்காக மொழிபெயர்க்க, தமிழும் ஒடியாவும் தெரிந்த ஒரு செக்கிங் பெண்ணையே உட்கார வைத்தோம். டேப்லெட் பாடங்களுக்கு ஒடியாக் குரலும் அவருடையதுதான். பாடம் தயாரித்த நிறுவனம் அனுப்பிய இந்திக் குரலை அங்கே பலரும் அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஊசி உடையும் பாடமும் அப்படித்தான். வீடியோ இருக்கிறது, ஆனால் மூத்த டைலர் ஒருவர் மெஷின் பக்கத்திலேயே நின்று செய்து காட்டிய பிறகுதான் வீடியோ. மெஷினை நிறுத்து, துண்டுகளைத் தேடு, கிடைத்ததை ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டு, துண்டு கிடைக்காவிட்டால் அங்கிருக்கும் பீஸை எல்லாம் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் ஓட்டு, பழையதைக் கொடுத்தால்தான் புது ஊசி.

அடுத்த ஆடிட்டில் மூடில் அறிக்கையை அழகாக அச்சடித்து வைத்திருந்தேன். ஆடிட்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார், "கையெழுத்து ரெஜிஸ்டர் இருக்கா?" என்றார். நல்லவேளை, டேப்லெட் பக்கத்திலேயே ஒரு நோட்டைப் போட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தோம். நீங்களும் வாங்குங்கள், எந்த ஆப் வந்தாலும் சரி. பிறகு அவர் நேராக லைனுக்குப் போய், ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு புதுப் பெண்ணிடம் ஊசி உடைந்தால் என்ன செய்வாய் என்றார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் ரெஜிஸ்டரை எடுத்து வந்து, முந்தின வாரம் தான் ஒட்டிய துண்டுகளைக் காட்டினாள். பயிற்சிக் குறிப்பு அங்கேயே மூடப்பட்டது.

பழைய ஆப்காரரிடமிருந்து ரின்யூவல் மெயில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களிடம் இருக்கும் ஒரு வருடப் பயிற்சிப் பதிவுகளை எக்செல்லாகக் கேட்டு நான் அனுப்பும் மெயிலுக்குத்தான் பதில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் தரவு எந்த வடிவில், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதையும் அந்த முதல் மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.