அடியில் இறங்கிய ஊதா

பாடசாலை மலர்க்குழுவினர் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எல்லா ஓட்டத்திலும் கடைசியாக வந்தவன் அதைப் பற்றி என்ன எழுதுவது? ஆய்வுகூடத்தில் பார்த்த ஒரு சோதனைக்குழாயைப் பற்றி எழுதுகிறேன்.

அயடீன் கொஞ்சமாகக் கரைந்த வெளிர்பழுப்பு நீர். இரசாயனவியல் சேர் அதில் காபன் நாற்குளோரைட்டை ஊற்றினார். (ஈரலுக்கும் ஓசோன் படலத்துக்கும் கேடு என்று இப்போது ஒதுக்கிவிட்ட திரவம். அன்று சாதாரணமாகப் புழங்கினோம்.) அது நீரைவிடக் கனம், நேராக அடிக்குப் போய்விட்டது. குலுக்கி நிறுத்தினார். அடியில் அழகான ஊதா, மேலே நீர் ஏறக்குறைய நிறமில்லாமல்.

"ஏன்?"

"ஒத்தது ஒத்ததைக் கரைக்கும், சேர்." மனப்பாடம்தான்: முனைவற்ற அயடீன் முனைவற்ற கரைப்பானையே நாடும்.

"காபன், குளோரீன் பிணைப்பு முனைவுள்ளதுதானே, ஒரு முனை சற்றே நேர், மறுமுனை சற்றே மறை? அப்போ இது எப்படி முனைவற்ற கரைப்பான்?"

வாய் அடைத்துப்போனது. பிறகு அவரே கரும்பலகையில் நான்முகியை வரைந்தார். நான்கு குளோரீனும் நான்கு பக்கமும் இலத்திரன்களைச் சமமாக இழுப்பதால் இழுவைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நீரிலோ இரண்டு ஐதரசனும் ஒட்சிசனோடு 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்பதால் இழுவை அழிவதில்லை. ஒரு பக்கம் சற்றே நேர், மறுபக்கம் சற்றே மறை. அதனால்தான் நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன.

"நீருக்கு அயடீனைப் பிடிக்காது என்று நினைக்காதே. நீருக்கு நீரைத்தான் கூடப் பிடிக்கும்" என்றார். அதுவரை எண்ணெயும் நீரும் பகைவர் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் அவற்றுக்குள் பகை ஒன்றும் இல்லை, நீரின் உள்வீட்டு நெருக்கம்தான் காரணம்.

சரி, எல்லாம் விளங்கிவிட்டது என்ற துணிவில் அடுத்த தேர்வில் "அயன் சேர்வைகள் (நேர், மறை மின்னேற்றத் துணிக்கைகளாலான உப்பு போன்றவை) அனைத்தும் நீரில் கரையும்" என்று எழுதினேன். விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "போன வாரம் நீ வடித்தெடுத்த வெள்ளை வீழ்படிவு எது?" வெள்ளிக் குளோரைட்டு! ஒரு லீற்றர் நீரில் சோடியம் குளோரைட்டு சுமார் 360 கிராம் கரையும். இதுவோ 2 மில்லிகிராம்கூடத் தேறாது. சாலகத்துக்குள், அதாவது அயன்கள் ஒழுங்காக அடுக்கிநிற்கும் கட்டமைப்புக்குள், அவற்றின் பிடி அவ்வளவு இறுக்கம், நீர் எவ்வளவு இழுத்தாலும் விடாது. முனைவை மட்டும் பார்த்தால் போதாது, எந்தப் பிடி வலியது என்றும் பார்க்கவேண்டும். அந்தப் பூச்சியம் எனக்குப் படிப்பித்தது இதைத்தான்.

இப்போது மருந்து ஆய்வகம் ஒன்றில் வேலை. கொழுப்புக்குப் பதிலாக நிற்கும் எண்ணெய்போன்ற திரவமான ஒக்டனோலையும் நீரையும் ஒன்றாகக் குலுக்கி, மருந்து எதில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அளப்பதும் அதில் ஒரு பகுதி. நீரை மட்டுமே நாடும் மருந்து கலத்தின் கொழுப்பு மென்சவ்வை எளிதில் கடக்காது. கொழுப்பை மட்டும் நாடினால் குருதியில் கரையச் சிரமப்படும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் தேடுகிறோம்.

ஒக்டனோல் நீரைவிட இலேசு, மேலேதான் மிதக்கும். ஆனாலும் குலுக்கி வைத்ததும் என் கண் முதலில் போவது அடிப்பக்கத்துக்குத்தான்.