குறைந்த தொகையில் ஒரு மடிக்கணினி: தேர்ந்தெடுத்த விதம்

என் பழைய மடிக்கணினியில் இருந்தது ஐ5-7200யு என்ற ஏழாம் தலைமுறை இன்டெல் பிராசசர். விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதிக்கப்படுகிறது என்பதாலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டதாலும், வங்கி வேலையையும் அலுவலகக் கோப்புகளையும் அதே கருவியில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒதுக்க முடிந்த தொகை சிறியது; அதைக் கூட்டவும் வழியில்லை. ஆகவே "எது சிறந்தது" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, "இந்தத் தொகைக்குள் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது" என்ற கேள்வியோடுதான் தேடத் தொடங்கினேன்.

கடைப் பக்கம் போவதற்கு முன்பே எனக்கு உண்மையில் என்ன தேவை என்பதைப் பழைய கருவியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேலை செய்யும்போது எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒரு மூலையில் வைத்துவிட்டு அவ்வப்போது பார்த்தேன். தட்டச்சு செய்யும்போதும் கணக்குத் தாள்களைத் திறந்து வைத்திருக்கும்போதும் பிராசசர் பெரும்பாலும் சும்மாவே இருந்தது. காணொளிக் கூட்டத்தில் சேர்ந்தால் மட்டும் அதன் இரண்டு கோர்களும் (தனித்தனியே கணக்கிடும் உள் அலகுகள்) மூச்சு முட்டின. ஆனால் 8 ஜிபி ரேம், அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், நாள் முழுவதும் நிறைந்தே கிடந்தது. உலாவியில் தாவல்கள் கூடக் கூடக் கணினி நினைவகத்தில் இடம் போதாமல் வட்டில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைத்தன: எனக்குத் தேவை இடைநிலையான, ஓரளவு புதிய பிராசசர் ஒன்றும், 16 ஜிபி ரேமும். விளையாட்டுக்கான தனி கிராஃபிக்ஸ் அட்டை எனக்குத் தேவையே இல்லை. அதை நீக்கியதுமே பட்டியல் பாதியாகச் சுருங்கியது.

அடுத்து என் தேர்வு முழுவதையும் வழிநடத்திய ஒரு பிரிப்பைச் செய்தேன். மடிக்கணினியில் சில உறுப்புகளைப் பின்னர் மாற்றலாம், சிலவற்றை வாங்கிய நாளோடு சரி. எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், பல மாடல்களில் ரேம், சற்றுச் சிரமத்தோடு பேட்டரி ஆகியவை முதல் வகை. பிராசசர், திரை, விசைப்பலகை, உடல் கட்டமைப்பு, போர்ட்கள் ஆகியவை இரண்டாம் வகை. கையில் இருக்கும் தொகையை இரண்டாம் வகைக்கே செலவிட வேண்டும், முதல் வகையில் குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். விளம்பரங்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கின்றன என்பதைப் பிறகுதான் கவனித்தேன். "1 டிபி எஸ்எஸ்டி" பெரிய எழுத்தில் இருக்கும். திரை எப்படிப்பட்டது என்பது எங்கேயுமே இருக்காது.

பிராசசர் பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதில்தான் அதிக நேரம் போனது. ஐ3, ஐ5, ரைசன் 5 போன்றவை குடும்பப் பெயர்கள் மட்டுமே. அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பழைய ஐ5-7200யு-வில் 2 கோர்கள்தான் இருந்தன. பன்னிரண்டாம் தலைமுறையின் ஐ3-1215யு-வில் வேகமானவை 2, சிக்கனமானவை 4 என மொத்தம் 6 கோர்கள் உள்ளன. அதாவது இன்றைய ஐ3 அன்றைய ஐ5-ஐ எளிதாக முந்திவிடுகிறது. எண்களின் கடைசியில் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும்: யு என்றால் மின்சிக்கனம், எச் என்றால் கூடுதல் வேகமும் கூடுதல் சூடும். 2023-க்குப் பிறகு வந்த மலிவு மாடல்களில் செலரான், பென்டியம் என்ற பெயர்களையே இன்டெல் எடுத்துவிட்டு, வெறுமனே "இன்டெல் பிராசசர்" என்றும் என்100, என்200 என்றும் போடுகிறது. இணையம் பார்க்கவும் எழுதவும் அவை போதும். என் காணொளிக் கூட்டங்களையும் தாவல் குவியலையும் சேர்த்துத் தாங்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் நிலைமை இன்னும் சுவையானது. ஏறக்குறைய ஒரே விலை வரம்பில் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு பிராசசர்கள் கொண்ட மாடல்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. பார்வைக்குப் பத்து எண் வித்தியாசம்தான். இந்த வரிசையில் முதல் இலக்கம் எந்த ஆண்டுக்கான மாடல் என்பதையும் (7 என்றால் 2023), இரண்டாவது எந்தத் தரநிலை என்பதையும், மூன்றாவது உள்ளே இருக்கும் கட்டமைப்பின் வயதையும் குறிக்கின்றன. 7520யு-வின் மூன்றாம் இலக்கம் 2. அது 2019-இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு, 4 கோர்கள். 7530யு-வின் மூன்றாம் இலக்கம் 3. அது 2020-இல் வந்த ஜென் 3, 6 கோர்கள். இதற்கு மேல் ஒன்றும் உண்டு: 7520யு உள்ள மாடல்களில் ரேம், உறுப்புகளைத் தாங்கும் தாய்ப்பலகையோடு பற்றவைத்தே வரும், ஆகவே 8 ஜிபி வாங்கினால் காலம் முழுக்க 8 ஜிபிதான். கடை ஊழியர் இரண்டையும் சுட்டி "ரெண்டும் ரைசன் 5தான், சார், ஒண்ணு போலத்தான் ஓடும்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பெயர் வைத்தவர்கள் அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று விரும்பியிருப்பார்கள் போலும்.

ரேம் விஷயத்தில் விளம்பரப் பக்கத்தை நம்பாமல் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் படித்தேன். லெனோவோ, டெல், எச்பி ஆகிய மூன்றும் தங்கள் பல மாடல்களுக்கு இத்தகைய கையேடுகளைப் பொதுவில் வைத்திருக்கின்றன. பழுதுபார்ப்பவர்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும் வாங்குபவருக்கு இவற்றைவிட நேர்மையான ஆவணம் வேறு இல்லை. நான் குறித்து வைத்திருந்த ஒரு மாடலின் கையேட்டில் அடிமூடியைக் கழற்றிய படம் இருந்தது. நடுவில் விசிறி, இடப்புறம் ஒரே ஒரு ரேம் பொருத்தும் இடம், அதன் பக்கத்தில் எஸ்எஸ்டி, கீழே நான்கு திருகுகளில் நிற்கும் பேட்டரி. 8 ஜிபி பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, காலியான இடத்தில் இன்னொன்றைச் செருகலாம் என்பது அந்தப் படத்திலேயே தெரிந்தது. இரண்டாவது ரேம் வைப்பதில் கொள்ளளவைத் தாண்டிய பயன் ஒன்று உண்டு: பிராசசரோடு சேர்ந்த கிராஃபிக்ஸ், தனக்கென நினைவகம் இல்லாமல் ரேமையே பயன்படுத்துவதால், ஒரே சேனலில் (தரவு போய்வரும் பாதையில்) ஓடும்போது தடுமாறி, இரண்டு சேனல்கள் கிடைத்ததும் நன்றாகவே நிமிர்கிறது. இதே முறையில் பார்த்தபோது, ஆசைப்பட்டு வைத்திருந்த மெல்லிய மாடல் ஒன்றில் எதையுமே மாற்ற முடியாது என்று தெரிந்து அதை விட்டுவிட்டேன்.

திரையைத் தாளில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, நேரில் பார்த்தே ஆக வேண்டும். விவரத்தாளில் "250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று, அதாவது வெளிச்சமும் வண்ண வரம்பும் இவ்வளவே என்று இருந்தால், வெளிச்சமான அறையில் மங்கலாகவும் வண்ணங்கள் வெளிறியும் இருக்கும் என்று பொருள். அந்த 45 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண அளவுகோலில் ஏறக்குறைய 60 சதவீதத்தைச் சற்றே தாண்டும். மலிவு மாடல்களில் இதைவிட நல்ல வண்ணத்தை எதிர்பார்ப்பது பேராசை என்பதால், வண்ணத்தை விட்டுக்கொடுத்தேன். வெளிச்சத்தையும் பார்வைக் கோணத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் ஓடிக்கொண்டிருந்த பளபளப்பான விளம்பரக் காணொளியை நிறுத்திவிட்டு, வெற்று வெள்ளை ஆவணம் ஒன்றைத் திறந்து, அதில் சிறிய எழுத்தில் சில வரிகள் தட்டச்சு செய்து, மூடியை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கருவியில் சற்றுச் சாய்த்ததுமே மேல்பாதி சாம்பல் பூத்து, எழுத்துகள் கரைந்தன. அது டிஎன் என்ற வகைத் திரை. பக்கத்தில் இருந்த ஐபிஎஸ் என்ற வகைத் திரையில் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எழுத்து எழுத்தாகவே நின்றது. ஒரே மாடல் பெயரில் இரண்டு வகைத் திரைகளும் விற்கப்படுவதுண்டு. ஆகவே பெயரோடு நிறுத்தாமல், பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து தயாரிப்பாளரின் தளத்தில் தேடினேன். இந்த ஒரு பழக்கம் பல குழப்பங்களைத் தவிர்த்தது.

பேட்டரிக்கு "15 மணி நேரம்" போன்ற வாக்குறுதிகளை நான் பொருட்படுத்தவில்லை. அவை பொதுவாகக் குறைந்த வெளிச்சத்தில் காணொளி ஓடவிட்டு அளந்தவை. பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதைச் சொல்லும் வாட்-மணி எண்ணை மட்டும் பார்த்தேன்: 47 வாட்-மணி பேட்டரியில், எழுதும் வேலைக்கு நொடிக்கு நொடி ஏறி இறங்கும் செலவு சராசரி 7 வாட் என்று வைத்தால், ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். எனக்கு அது போதும்.

புதியது வாங்கும் தொகையில் நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த உயர்தர வணிக மடிக்கணினி ஒன்றையே வாங்கிவிடலாமே என்ற யோசனையையும் கவனமாகப் பரிசீலித்தேன். திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகளின் விசைப்பலகையும் கட்டுமானமும் புதிய மலிவு மாடல்களில் கிடைக்காதவை. எட்டாம் தலைமுறை ஐ5-8350யு உள்ள ஒன்றை எடுத்துப் பார்த்தேன். 4 கோர்கள், விண்டோஸ் 11 தடையின்றி ஓடியது, விசைகளில் விரல் வைத்ததுமே மனம் அதன் பக்கம் சாய்ந்தது. விண்டோஸின் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொடுத்துப் பேட்டரி அறிக்கையை எடுத்தேன். வடிவமைப்புக் கொள்ளளவு 50 வாட்-மணி, இப்போது முழு சார்ஜில் தாங்குவது 29. அதுகூடப் பரவாயில்லை, பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பயாஸ் என்ற, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புக்குள் நுழைய முயன்றபோது பழைய நிறுவனம் வைத்த கடவுச்சொல்லைக் கேட்டது. விற்றவருக்கும் அது தெரியவில்லை. அத்தகைய பூட்டைத் திறக்கச் சில மாடல்களில் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் நன்றி சொல்லி எழுந்துவிட்டேன். பூட்டில்லாத, உத்தரவாதத்தோடு வருகிற ஒன்று கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். சிறிய தொகை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் நல்ல வழி என்றே நினைக்கிறேன்.

கடைசியில் வாங்கியது 7530யு, 8 ஜிபி பற்றவைத்த ரேமும் காலியான ஒரு பொருத்துமிடமும், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குல ஐபிஎஸ் திரை, 1920-க்கு 1200 புள்ளிகள், 300 நிட்ஸ். உயரம் சற்றுக் கூடுதலான திரை என்பதால் ஆவணத்தில் சில வரிகள் அதிகம் தெரிகின்றன. எழுதுபவர்களுக்கு இது தொடுதிரையைவிடப் பயனுள்ள வசதி. விண்டோஸ் இல்லாமல் ஃப்ரீடாஸ் என்ற எளிய இலவச இயங்குதளம் மட்டும் போட்டு வரும் மாடல் சற்று மலிவாக இருந்தது. உரிமத்தைத் தனியாக வாங்கும் செலவைக் கூட்டிப் பார்த்ததும் அந்த மலிவு காணாமல் போனது.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தேன். திரை முழுவதும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என மாற்றிச் செத்த புள்ளிகள் உண்டா என்று பார்த்தேன். ஒவ்வொரு விசையையும் அழுத்தினேன். டைப்-சி போர்ட்டில் சார்ஜும் வெளித்திரையும் இரண்டுமே வேலை செய்கின்றனவா என்று பார்த்தேன், ஏனெனில் வடிவம் ஒன்றாக இருந்தாலும் எல்லா டைப்-சி போர்ட்களும் இரண்டையும் செய்வதில்லை. 512 ஜிபி என்றது 476 ஆகத் தெரிந்ததைக் கண்டு பதற வேண்டியதில்லை; தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. பேட்டரி அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவும் முழுக் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. கருவி காட்சிக்கு வைத்த பழையது அல்ல என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம். காணொளிக் கூட்டம் ஒன்றை நீண்ட நேரம் ஓடவிட்டு விசிறியின் இரைச்சலையும் கேட்டுக்கொண்டேன்.

ரேமை உடனே வாங்கவில்லை. கெடு முடிந்து, கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று உறுதியான பின்னரே 8 ஜிபி ஒன்றை வாங்கினேன். கையேட்டில் சொன்னபடி முதலில் பயாஸில் உள்பேட்டரியை முடக்கி, அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தி, விளிம்பில் பழைய நெகிழி அட்டை ஒன்றை நுழைத்து மெல்ல நெம்பினேன். கொக்கிகள் விடும்போது வந்த சத்தம் உடைந்துவிட்டதோ என்ற ஐயத்தைத் தந்தாலும் ஒன்றும் உடையவில்லை. ரேமைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தியதும் இருபக்கக் கம்பிகளும் பிடித்துக்கொண்டன. மூடிப் பொருத்தி மின்சாரம் கொடுத்தபோது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளத் திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருந்தது. அதற்கும் அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். பிறகு டாஸ்க் மேனேஜர் 16 ஜிபி என்று காட்டியது. முன்பு நிறைந்தே கிடந்த அதே வேலைக்கு இப்போது பாதிக்குச் சற்று மேல்தான் நிரம்புகிறது. பழைய கருவியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். படிப்பதற்கும் பாட்டு கேட்பதற்கும் அது இன்னும் உழைக்கிறது.