வேப்பூர் தாண்டி நின்ற கார்: ரோட்சைடு அசிஸ்டன்ஸ் என்னை அலைக்கழித்த கதை

கார் சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வண்டி நின்றதற்காக இல்லை. வண்டி என்றால் என்றைக்காவது நிற்கத்தான் செய்யும். அப்படி நிற்கும்போது கைகொடுக்கும் என்று இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் தனியாகப் பணம் கட்டி வாங்கிய ரோட்சைடு அசிஸ்டன்ஸ், வயதான அம்மாவையும் பள்ளிக்கூடம் போகிற மகளையும் வைத்துக்கொண்டிருந்த என்னை மதியத்திலிருந்து இருட்டும்வரை காக்க வைத்தது. திருச்சி ரோட்டில் குடும்பத்தோடு போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து கிளம்பி வேப்பூர் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. தொழுதூர் வருவதற்கு முன்னால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏசியில் சூடான காற்று வர ஆரம்பித்தது. அடுத்து டெம்பரேச்சர் விளக்கு. இடது ஓரம் கட்டி நிறுத்திவிட்டு பானெட்டைத் திறந்தேன். பெல்ட் அறுந்து நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர், ஏசி, இன்ஜினைக் குளிர்விக்கிற வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிற மாடல் என்னுடையது. மறுபடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாட்டர் பம்ப் ஓடாமல் இன்ஜினை ஓட்டினால் சூடேறி உள்ளே இருக்கிற கேஸ்கெட் என்கிற அடைப்புத் தகடு போய்விடும், செலவு எங்கேயோ போய் நிற்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்குவழிச் சாலையில் வண்டி நின்றால் வெயிலுக்குப் பயந்து யாரும் உள்ளேயே உட்காராதீர்கள். பின்னால் வருகிற லாரிக்காரர் நம் வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுபிடிப்பதற்குள் நேரமாகிவிடும். எல்லோரையும் இடதுபக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்துவிட்டு, அப்புறம் போனை எடுங்கள். சிவப்பு முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். பம்பருக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பயனும் இல்லை.

முதலில் கூப்பிட்டது 1033. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் இலவச எண் இது, 2018லிருந்து இருக்கிறது. ஆனால் காரோட்டும் என் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு இன்னும் தெரியவில்லை. பக்கத்தில் தெரிந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். ரோந்து வண்டி வந்தது, கூம்புகளை வரிசையாக வைத்தார்கள், பின்னாலேயே வந்த கிரேன் காரின் முன்பக்கத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளியிருந்த லாரிகள் நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் விட்டது. பணம் கேட்கவில்லை. "ரோட்டிலிருந்து எடுத்து ஓரமா விடுறதுதான் எங்க வேலை, ஒர்க்‌ஷாப் வரைக்கும் வர மாட்டோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அது நியாயம்தான். அந்த நாளில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவர்கள் அவர்கள்.

அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் கூத்து.

இன்சூரன்ஸ்காரர்களின் உதவி எண்ணுக்குப் போட்டேன். மொழி கேட்டதும் தமிழுக்கான எண்ணை அமுக்கினேன், இந்தியில் பேசினார்கள். ஆங்கிலத்துக்கு மாறினோம். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: பேட்டரி விளக்கு எரிந்தது, பானெட்டைத் திறந்து பார்த்தேன், பெல்ட் அறுந்திருக்கிறது, வண்டி ஓடாது, ஆட்டோமேட்டிக் கியர், ஃபிளாட்பெட், அதாவது காரை அப்படியே மேலே ஏற்றிக்கொண்டு போகிற லாரி, அனுப்புங்கள். எதிர்முனையில் இருந்தவருக்கு அதில் காதில் விழுந்தது "பேட்டரி" மட்டும்தான் போல. அடுத்து பின்கோடு கேட்டார். வேப்பூருக்கும் தொழுதூருக்கும் நடுவில் நிற்கிறவளுக்குப் பின்கோடு எப்படித் தெரியும்? பின்கோடு இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். கடைசியில் பக்கத்தில் லாரி நிறுத்தியிருந்த நாமக்கல் அண்ணன் ஒருவர் தொழுதூரில் தெரிந்த கடைக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார், தோளில் இறங்கிய பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற ஜம்பர் கேபிள். பானெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தவர், "என்னக்கா, பெல்ட்டே இல்ல! பேட்டரி டவுன்னு சொல்லித்தானே என்னைய அனுப்புனாங்க" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வேகாத வெயிலில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். எனக்காக விருத்தாசலத்தில் தெரிந்த கடைக்கெல்லாம் போன் செய்து இந்த மாடலுக்கு பெல்ட் கிடைக்குமா என்று விசாரித்தார். ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடையும் திறக்கவில்லை. வந்து போனதற்குக் கூலி கிடைக்க அவருக்கு என் போனுக்கு வந்த ஓடிபி வேண்டும். கொடுத்தேன், மனுஷனின் உழைப்பு அது.

ஆனால் அந்த ஓடிபி போன மறுநிமிஷம் எனக்கு ஒரு எஸ்எம்எஸ்: "உங்கள் பிரச்சினை வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." திரும்பக் கூப்பிட்டால் பழைய புகார் முடிந்துவிட்டதாம், புதிதாகப் பதிய வேண்டுமாம். அதோடு, வருஷத்துக்கு இத்தனை முறைதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்களே, அதில் ஒன்று கழிந்துவிட்டதாம். அவர்கள் தப்பாக ஆள் அனுப்பியதற்கு என் கணக்கில் ஏன் கழிய வேண்டும்? அதைக் கேட்டே கால் மணி நேரம் போனது. மேலதிகாரி பேசுவார் என்றார்கள். யாரும் பேசவில்லை.

இந்த இரண்டாவது அழைப்பில் பாதி ஆங்கிலம், பாதி தமிழில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். இன்றைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: நடந்த கதையைச் சொல்லாதீர்கள், தேவையை மட்டும் சொல்லுங்கள். "டோயிங் வேண்டும். ஃபிளாட்பெட் மட்டும். ஆட்டோமேட்டிக் வண்டி." இந்த மூன்று வாக்கியம் போதும். எழுதிக்கொண்டதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அதையே எஸ்எம்எஸ்ஸாகவோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பச் சொல்லுங்கள். ரோட்டில் வருகிறவர் அந்தத் திரையில் இருப்பதைப் பார்த்துத்தான் வருகிறார். திரையில் தப்பாக ஏறினால் வருகிற வண்டியும் தப்பான வண்டிதான்.

நான் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், "ஃபிளாட்பெட்" என்று படித்தும் காட்டினார். வந்தது கிரேன். லாரியைத் தூக்குகிற, கொக்கியும் சங்கிலியும் தொங்குகிற கிரேன்.

என் கார் மூக்கைத் தடுப்புக்கு அருகே வைத்து நின்றிருந்தது, முன்னால் கிரேன் நுழைய இடமில்லை. "பின்னாடி தூக்கிக்கலாம் மேடம், நியூட்ரல்ல போட்டுட்டா ஒண்ணும் ஆகாது" என்றார் வந்தவர். ஆகும். என்னுடையது முன்சக்கரங்களால் ஓடுகிற ஆட்டோமேட்டிக். பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரங்கள் திருச்சி வரைக்கும் ரோட்டில் உருளும். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் வேலை செய்யாது. ஆயில் போகாமல் அவ்வளவு தூரம் சுற்றினால் கியர்பாக்ஸ் உள்ளுக்குள் தேய்ந்துவிடும். காரோடு வந்த கையேட்டிலேயே படம் போட்டு இப்படி இழுக்காதே என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்குக் காட்டினேன். அவருக்குக் கோபம். வந்ததற்கு டீசல் காசு யார் தருவார் என்றார், ஓடிபியாவது சொல்லுங்கள் என்றார். இந்த முறை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடியும் "வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது" என்று வந்திருக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு, "உங்கள் ஆள் தவறான வண்டியோடு வந்திருக்கிறார், புகார் திறந்தே இருக்கட்டும்" என்று அவர் முன்னாலேயே சொன்னேன். அவர் கூலி விஷயத்தையும் அப்படியே பேசிக்கொண்டார்கள்.

நாமக்கல் அண்ணன் கிளம்பும்முன் ஒரு நல்ல யோசனை சொல்லிவிட்டுப் போனார். "ஏத்துறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வச்சுக்கம்மா. மீட்டரையும் எடு. நாளைக்குக் கோடு விழுந்தா முன்னாடியே இருந்துச்சும்பான்." ரோந்து வண்டிக்காரர்கள் திரும்பி வந்தபோது அம்மாவையும் மகளையும் தொழுதூரில் ஒரு ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டார்கள். அதுவும் அவர்களாகக் கேட்டுச் செய்ததுதான்.

ஃபிளாட்பெட் வரும்போது இருட்டிவிட்டது. ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஆனால் வேலை தெரிந்தவன். மதியத்திலிருந்து ஹசார்டு விளக்கு எரிந்து, போனுக்கும் சார்ஜ் ஏற்றி, இப்போது உண்மையிலேயே பேட்டரி இறங்கிவிட்டது. கியர் பார்க்கிங்குக்கான 'பி'யை விட்டு அசையவில்லை. அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கியர் லீவருக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு இருந்த ஒரு பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுத்தான். உள்ளே ஒரு சின்ன பொத்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவி முனையால் அதை அமுக்கியபடி லீவரை இழுக்க, நியூட்ரலுக்கான 'என்'னுக்கு வந்தது. இத்தனை வருஷமாக அந்த மூடியின் மேல் சில்லறைக் காசு போட்டு வைத்திருக்கிறேன். அடுத்து ஸ்டெப்னி பக்கத்திலிருந்து டோ கொக்கியை எடுத்து, பம்பரில் இருக்கிற சதுர மூடியைத் திறந்து திருகினான். லாரியில் இருந்த வின்ச் கம்பியைச் சுற்றி இழுக்க, கார் ஒரு கீறல் இல்லாமல் ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் பெல்ட் போட்டுக் கட்டிய பிறகு, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்தான். இந்த இரண்டு மூடிகளும் உங்கள் வண்டியில் எங்கே இருக்கின்றன என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்து வையுங்கள்.

கடைசிச் சண்டை பணத்துக்கு. திருச்சி ஒர்க்‌ஷாப் அங்கிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். என் பாலிசியில் 50 கிலோமீட்டர் இலவசம். அந்தத் தம்பியின் முதலாளி போனில் ₹6,000 கேட்டார். எப்படி என்றால், வண்டி அவர்கள் ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து திரும்பிப் போகும்வரை மொத்தத்தையும் கூட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். பாலிசி முழுவதையும் பிடிஎஃப்ஆகப் போனில் வைத்திருந்தேன், வெறும் முதல் பக்கம் இல்லை, நிபந்தனைகளோடு. வண்டி நின்ற இடத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வரை உள்ள தூரம்தான் கணக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியைப் படம் எடுத்து அவருக்கும் உதவி மையத்துக்கும் அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. ரசீது இல்லாமல் பணம் இல்லை என்று சொல்லி, ரசீதும் வாங்கினேன். அந்த நாளில் எனக்குச் சந்தோஷம் தந்த ஒரே இடம் இது. தம்பிக்குத் தனியாகக் கொடுத்தேன், அது நானாக விரும்பிக் கொடுத்தது.

ஓடிபியைத் திருச்சியில் கார் கீழே இறங்கி, சுற்றிப் பார்த்த பிறகுதான் சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மறுநாள் பெல்ட்டும், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வேலை அரை நாள்கூட இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது போனில் வந்திருந்த பழைய எஸ்எம்எஸ்களைப் பார்த்தேன். திருமாந்துறை டோலிலும் சமயபுரம் டோலிலும் என் ஃபாஸ்டேக்கில் பணம் போயிருக்கிறது! லாரியின் மேல் படுத்துக்கொண்டு போன காருக்கு! ஃபிளாட்பெட்டின் ஃபாஸ்டேக்கோடு, மேலே நின்ற என் காரின் கண்ணாடியில் இருந்ததையும் மெஷின் படித்துவிட்டது. அந்த ஸ்டிக்கரின் மேல் உட்பக்கமாக அலுமினியம் ஃபாயிலை மடித்து ஒட்டியிருந்தால் படித்திருக்காது என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார். இப்போது டேஷ்போர்டில் ஒரு ஃபாயில் துண்டு வைத்திருக்கிறேன், முக்கோணத்தோடு ஒரு பவர் பேங்கும்.

ஃபாஸ்டேக் கொடுத்த வங்கியில் புகார் கொடுத்தேன். லாரி மேல் கார் இருக்கிற போட்டோவையும் ஃபிளாட்பெட் ரசீதையும் இணைத்தேன். போட்டோவில் நேரம் தெரிந்தது நல்லதாகப் போயிற்று. திருமாந்துறைப் பணம் திரும்பி வந்துவிட்டது. சமயபுரம் பணத்துக்கு "ஆவணம் போதவில்லை" என்று பதில். அதே போட்டோ, அதே ரசீது, அதே கார். மறுபடி அனுப்பியிருக்கிறேன். தவறாகக் கழித்த அந்த ஒரு சேவையைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கும் எழுதியிருக்கிறேன். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் அடுத்தது இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மேலான புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து ரயிலில் போய்விட்டு வந்துவிடலாம்.