டென்ட் போட்டுக்கவா அண்ணே? மதுரை டு அமிர்தசரஸ், ஒத்த ஆளா பைக்கில்

பைக்கில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்வந்தேன் என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "ராத்திரி எங்கடா படுத்த?" மைலேஜ், செலவு எல்லாம் அப்புறம்தான். அதனால் படுத்த கதையை முதன்மையாக வைத்தே எழுதுகிறேன். ரோட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

வண்டி அப்பாச்சி 160 4வி. 12 லிட்டர் டேங்க், டியூப்லெஸ் டயர். இவ்வளவு தூரத்துக்குப் பெரிய டூரிங் வண்டி வேண்டாமா என்று மச்சான் கேட்டான். என் கணக்கு வேறு. இந்த வண்டிக்கு எந்தச் சின்ன ஊரிலும் கிளட்ச் கேபிள் கிடைக்கும், பிரேக் பேட் கிடைக்கும், கை வைக்க ஒரு மெக்கானிக் கிடைப்பார். 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ்காரர்களின் வண்டியில், மதுரை வழியே போகிற 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, அவர்களுடைய ஓசூர் ஆலைப் பக்கமாகவே வடக்கே போகிறோம் என்பதில் ஒரு சின்ன ஊர்ப்பெருமையும் உண்டு. மறைக்கவில்லை.

ஒத்திகை மொட்டை மாடியில் தொடங்கியது. இதைப் பலர் விளையாட்டாக நினைக்கிறார்கள். உண்மையில் மாடிதான் டென்ட்டுக்குச் சரியான பரீட்சை, ஏனென்றால் கான்கிரீட்டில் முளை இறங்காது. முளை அடித்து இழுத்தால்தான் நிற்கும் என்கிற டென்ட் மாடியில் துவண்டு கிடக்கும். இரண்டு கம்பிகளைக் குறுக்கே வளைத்தால் தானாக நிற்கிற டோம் டென்ட் எங்கேயும் நிற்கும். நம் நாட்டில் ஹைவே ஓரம் இடம் கிடைப்பது பாதிக்கு மேல் சிமெண்ட் தரையிலும் பேவர் பிளாக்கிலும்தான். டென்ட் வாங்குகிறவர்கள் துணி நனையாமல் தாங்கும் தண்ணீரின் உயரம் 3,000 மில்லிமீட்டரா, எடை எத்தனை கிலோ என்று பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து சோழவந்தான் பக்கம் பெரியப்பா தோப்பு. நிழல் பார்த்து இடம் தேடிக்கொண்டிருந்தேன். பெரியப்பா வரப்பில் நின்றபடியே, "தென்னைக்கு அடியில படுக்காத. காய் விழுகாதுன்னு சொல்லுவாய்ங்க, மட்டை விழுகும். அங்கிட்டு வேம்புக்கிட்ட போடு" என்றார். வேம்படியில் முசுறு வரிசை போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போட்டோம். காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுக் காலை விடும் பழக்கம் அந்தத் தோப்பில் வந்தது, இன்றும் விடவில்லை.

சிறுமலையில் போட்டால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்தே இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் வருவதுபோல் கண்ட இடத்தில் காட்டுக்குள் டென்ட் போடும் வழக்கத்தை இங்கே கொண்டுவர முடியாது. இங்கே யாரோ ஒருவருடைய இடத்தில், அவரிடம் கேட்டுத்தான் படுக்க வேண்டும். இது எனக்குக் குறையாகப் படவில்லை. கேட்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான வித்தை என்பேன்.

மூட்டை கட்டும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமான டூல்ஸ், தண்ணீர், அடுப்பு எல்லாம் சைடு பேக்கில் கீழே, முடிந்தவரை முன்பக்கம். ஸ்லீப்பிங் பேக் மாதிரி எடையில்லாதது வாலில். பின் ஸ்பிரிங்கை இறுக்கி, பின் டயரில் ஆள் ஏற்றினால் எவ்வளவு காற்றோ அவ்வளவு வைத்தேன். சுமையோடு ஓட்டும்போது செயின் சீக்கிரம் தளரும். 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டு, தொய்வையும் பார்த்தேன். சாப்பாட்டுக்கு அம்மா கட்டிக்கொடுத்தது புளிக்காய்ச்சலும் கெட்டி அவலும். அவலைக் கழுவிப் பிசறி மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு, அடுப்பே வேண்டாம். பெட்ரோல் பங்கில் படுக்கிற இரவுகளில் அடுப்பு பற்ற வைக்கவே கூடாது என்பதால் இந்த அவல்தான் காப்பாற்றியது.

மாசி பிறந்ததும் கிளம்பினேன். சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் வீடு வந்து சேரணும் என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை.

இந்த ரோட்டில் தூரத்தை ஆற்றைக் கொண்டுதான் அளந்தேன். ஊரில் வைகை. நாமக்கல்லுக்கு முன்னால் காவிரி. கர்நூலில் துங்கபத்ரா, பீச்சுபள்ளியில் கிருஷ்ணா, நிர்மலுக்கு முன்னால் கோதாவரி. அப்புறம் நர்மதை, சம்பல், சட்லெஜ். வைகையில் மணல் தெரிந்தது. கோதாவரிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தபோது நம்ம ஊர்க்காரனுக்கு வருகிற பொறாமை எனக்கும் வந்தது.

முதல் இரவு ஓசூரில் சித்தப்பா வீடு. மெத்தை, ஃபேன், சித்தி கையால் தோசை. அதை கேம்பிங் கணக்கில் சேர்க்கவில்லை. டென்ட் முதலில் விரிந்தது பெனுகொண்டா தாண்டி ஒரு பெட்ரோல் பங்கின் பின்புறம், காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம்.

கேட்கும் வித்தையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் யாரும் எழுதுவதில்லை. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேடத் தொடங்க வேண்டும். இருட்டிய பிறகு போய்க் கேட்டால் எவருக்கும் சந்தேகம்தான் வரும். வண்டியை வாசலில் கொண்டுபோய் நிறுத்தாமல் தள்ளி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போக வேண்டும். முகம் தெரியாத ஆளிடம் எவனும் இடம் கொடுக்க மாட்டான். முதலில் ஒரு டீ. டீ குடிக்கும் நேரத்தில் நம்பர் பிளேட்டை யாராவது படித்துவிடுவார்கள், பேச்சு தானாகத் தொடங்கும். அங்கே இருப்பவர்களில் வயதில் மூத்தவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். கல்லாவில் இருக்கும் பையனிடம் கேட்டால், அவனுக்கே அனுமதி கொடுக்க அதிகாரம் இருக்காது. "ஒரு ராத்திரிதான், விடிஞ்சதும் கிளம்பிடுவேன்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆதாரை அவர்கள் கேட்கும் முன்னால் நீட்டினால் பாதி வேலை முடிந்தது.

தெலுங்கில் "ஈ ராத்திரி இக்கட டென்ட் வேசுகோவச்சா அண்ணா", இந்தியில் "பாயி சாப், ராத் கோ யஹான் டென்ட் லகா சக்தா ஹூன்?" இரண்டையும் டேங்க் பேக் மூடியில் ஒட்டி வைத்திருந்தேன். மறுத்தவர்களும் உண்டு. மறுத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த இடத்தைக் கை காட்டித்தான் அனுப்பினார்கள்.

ஹைதராபாத்தைப் பற்றி ஒரு வரி: அவுட்டர் ரிங் ரோட்டில் டூவீலருக்கு அனுமதி இல்லை, பக்கத்து சர்வீஸ் ரோட்டில்தான் சுற்ற வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

ஆதிலாபாத் தாண்டும் முன்னால் ஒரு தாபா. இருபது லாரி நிற்கும் திடல். டென்ட்டை எங்கே போடலாம் என்று மேட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஎன் 34, திருச்செங்கோட்டு வண்டி. பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து இரண்டு பேர் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மதுரைங்களா தம்பி? அம்பத்தெட்டுன்னு போட்டிருக்குதுங்களே."

"ஆமாண்ணே. டென்ட்ட எங்கிட்டுப் போடுறதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அக்கட்டால வேண்டாமுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வண்டிய ரிவர்ஸ் எடுப்பானுங்க. கீழ படுத்திருக்கறது கண்ணாடில தெரியாது. எங்க வண்டிக்கும் செவுத்துக்கும் நடுவால போடுங்க, நாங்க ஆறு மணிக்கு முன்னால நகர மாட்டமுங்க."

பாம்பு, திருடன், மழை என்று எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். பின்னால் வரும் லாரி அந்தப் பட்டியலில் இல்லை. அன்றிலிருந்து தாபாவில் படுத்தால் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் என் பைக், டென்ட் கயிற்றில் ரிஃப்ளெக்டர் பட்டை. அவர்கள் பூண்டு ரசம் வைத்திருந்தார்கள். ரொட்டியும் தாலும் சாப்பிட்டு நாக்குச் செத்துப்போன நேரத்தில் அந்த ரசத்தைத் தட்டில் ஊற்றிக் குடித்தேன். பெரியவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி விட்டார். இந்த ரோடு நெடுக நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வண்டிகள் ஓடுகின்றன. 28, 34, 52 என்ற நம்பர்களைப் பார்த்தால் ஹார்ன் அடித்துவிட்டுப் போங்கள், பதில் வரும்.

நாக்பூர்ப் பக்கம் கரிசல். திருமங்கலம் தாண்டினால் நாம் பார்க்கிற அதே நிறம், முளை வெண்ணெயாய் இறங்கியது. சியோனிக்கு முன்னால் பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதியில் விலங்குகள் அடியில் கடந்து போக ரோட்டையே தூண் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் காட்டுக்குள் போகாமல் இருபுறமும் தடுப்புச் சுவர். அங்கே நிற்கக் கூடாது, நிற்கவில்லை. லலித்பூருக்கு அருகே பின் டயரில் ஆணி. ரீமரை விட்டுத் துளையைத் துப்புரவாக்கி, பசை தடவிய நூலைச் செருகி, பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பில் காற்றடித்துக் கிளம்பினேன். ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் கடைசிவரை பக்கத்தில் குந்தி மேற்பார்வை செய்தான்.

குவாலியருக்கு மேலே குளிர் வேறு ரகம். காலையில் எழுந்து டென்ட்டின் மேல் துணியை உள்பக்கமிருந்து தொட்டால் கை நனைகிறது. மழை பெய்யவில்லை. நாம் விடும் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிவிடுகிறது. மதுரையில் பிறந்தவனுக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரிய வாய்ப்பில்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடினால் ஈரம் கூடும், திறந்து வைத்தால் குளிர் கூடும். நான் திறந்தே வைத்து, கூடுதலாக ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். மேல் துணியைத் துண்டால் துடைத்துத் தனியாகச் சுருட்டி, பதினோரு மணி டீக்கு நிற்கும்போது பைக் மேல் விரித்தால் டீ ஆறுவதற்குள் காய்ந்துவிடும். அடுப்புக்கான பியூட்டேன் கேஸும் குளிரில் சோம்பிவிடும். காலை எட்டு, பத்து டிகிரியில் அடுப்பு எரிய எரிய கேன் இன்னும் குளிர்ந்து தீ சிறுத்துப்போனது. வெதுவெதுப்பான தண்ணீரில் கேனை ஒரு நிமிடம் நிறுத்தி எடுத்தால் சரியாகும். சுடுதண்ணீர் ஆகவே ஆகாது.

பஞ்சாபில் டென்ட்டுக்கே வேலையில்லாமல் போனது. ஃபதேகர் சாகிப் குருத்வாராவில் தலையில் துணி கட்டிக்கொண்டு போய், வளாகத்தில் ஓரமாக டென்ட் போடலாமா என்று கேட்டேன். அங்கிருந்த பெரியவருக்குக் கேள்வியே புரியவில்லை. அறை இருக்கும்போது எதற்கு வெளியே படுக்க வேண்டும் என்கிறார். என் பொழுதுபோக்கை விளக்கத் தேவையான இந்தி என்னிடம் இல்லை. லங்கரில், அதாவது குருத்வாராவின் இலவசச் சாப்பாட்டுக் கூடத்தில், வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அமிர்தசரஸிலும் அப்படியே. பொற்கோயிலைப் பற்றி நான் புதிதாக எழுத எதுவுமில்லை.

ஸ்ரீநகர் வரை போயிருக்கலாமே என்று இன்னமும் கேட்கிறார்கள். மாசியில் ராம்பன், பனிஹால் பகுதியில் பனியும் மண்சரிவும் ரோட்டை எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. லீவும் கொடியேற்றமும் அதற்கு இடம் தராது.

திரும்பும்போது பங்குனி வந்துவிட்டது. சியோனி மாவட்டத்தில் ஒரு தாபாவில் கேட்டபோது, மரத்தடியில் வேண்டாம், வேலிக்கு உள்ளே போடு என்றார் உரிமையாளர். மரம் மஹுவா, நம்ம இலுப்பை. பூவைத் தின்னக் கரடி வருமாம். இரவெல்லாம் ஏதோ பொத் பொத்தென்று விழுந்துகொண்டே இருந்தது. விடியும் முன்னால் சத்தம் கேட்டு ஜிப்பைத் திறந்தால், அடியில் சருகை எரித்துச் சுத்தமாக்கிய தரையில் வெளிர் மஞ்சளாய்ப் பூ கொட்டிக் கிடக்கிறது. இரண்டு பெண்களும் ஒரு சிறுமியும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போடுகிறார்கள். திராட்சை அளவு, சதைப்பற்றான பூ. சிறுமி கொடுத்த ஒன்றை வாயில் போட்டேன். தித்திப்பு, பின்னாலேயே ஒரு புளித்த மணம். காயவைத்தால் சாப்பாட்டுக்கும் ஆகும், சாராயத்துக்கும் ஆகும் என்று தாபாக்காரர் கையாலேயே நடித்துக் காட்டினார்.

தொப்பூர் இறக்கத்தை மட்டும் தனியாகச் சொல்லணும். வடக்கே போகும்போது அது ஏற்றம், தெரியாது. திரும்பும்போது தருமபுரியிலிருந்து சேலத்துக்கு நீண்ட இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகளால் பெயர் கெட்ட இடம். மூன்றாவது கியரில் இன்ஜின் பிடிப்போடு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். பின்னால் கனரக வண்டி தெரிந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அங்கே ரோஷம் வேண்டாம்.

வந்த பிறகு மூட்டையில் மாற்றியவை: மடக்கு நாற்காலி வெளியே போனது, எந்தத் தாபாவிலும் கயிற்றுக் கட்டில் இருக்கிறது. தரைக்கு விரிக்கும் தார்ப்பாயை டென்ட்டைவிட நாலு விரல் சின்னதாக வெட்டிக்கொண்டேன், நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அடியில் பிடித்து வைக்கும். கேஸ் அடுப்பு இருக்கும், கேன் ஒன்று போதும். அம்மா அடுத்த தடவைக்குப் பருப்புப்பொடியும் சேர்க்கலாம் என்கிறார், அதாவது அடுத்த தடவைக்குச் சம்மதம். கன்னியாகுமரியிலிருந்து பன்வேல் வரை கடலோரமாகப் போகும் 66-ம் நம்பர் ரோட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். மலையாளத்திலும் கன்னடத்திலும் துளுவிலும் கொங்கணியிலும் இடம் கேட்க வேண்டும். தெரிந்தவர்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் டேங்க் பேக்கில் ஒட்டிக்கொள்வேன்.