மாத்திரையைப் பொடிக்கும் முன்

சென்ற மார்கழியில் ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா அடுப்படியில் சிறிய இடிகல்லை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மாத்திரைகளைப் பொடித்துக்கொண்டிருந்தார். ஒன்று மஞ்சள் மேற்பூச்சுள்ள பேன்டோபிரசோல். மற்றொன்று சர்க்கரை நோய்க்கான, மருந்தை மெதுவாக வெளிவிடும் வகையான நீளமான வெள்ளை மெட்ஃபார்மின் எஸ்.ஆர். இரண்டையும் தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொண்டு, "முழுங்கினா தொண்டையிலேயே நிக்குதுப்பா, சூரணம் மாதிரின்னா சுலபமா இறங்குது" என்றார். சர்க்கரைக்கான மருந்துக்குத் தேன் துணை போன வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நெஞ்செரிச்சல் அடங்கவில்லை, வயிறும் அடிக்கடி போகிறது என்று இரண்டு வாரமாகத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாரே, அவை இரண்டிற்கும் காரணம் அந்த இடிகல்லில் கிடந்தது. மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த நான், சொந்த வீட்டில் இதை ஒருமுறைகூடச் சொல்லி வைக்கவில்லை.

பேன்டோபிரசோல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. ஆனால் அமிலம் பட்டால் அதுவே சிதைந்துவிடும். ஆகவே, இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், அதைத் தாண்டிச் சிறுகுடலை அடைந்து அங்குள்ள அமிலம் குறைந்த சூழலில் மட்டும் கரையக்கூடிய மேற்பூச்சை அதன்மீது ஏற்றுகிறார்கள். சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியாகச் சுற்றிவந்து, இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களை அது பின்பக்கமாக அடைகிறது. இதில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது என்னவென்றால், வழியில் அதை அழித்திருக்கக்கூடிய அதே அமிலம்தான் அந்தச் செல்லின் சுரப்பு வாயிலில் அதைச் செயல்படும் வடிவத்திற்கு மாற்றுகிறது. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு சாப்பிடச் சொல்வதும், செல்கள் சுரக்கத் தொடங்கும் நேரத்தில் மருந்து அங்கே காத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். மேற்பூச்சைப் பொடித்துவிட்டால், மருந்தின் பெரும்பகுதி இரைப்பையிலேயே வீணாகிறது.

மெட்ஃபார்மின் எஸ்.ஆர். கதை வேறு. அதில் மருந்துடன் ஹைப்ரோமெல்லோஸ் போன்ற ஒரு பொருள் கலந்திருக்கும். நீர் பட்டதும் அது ஊறிப் பிசுபிசுத்த களியாகி, மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பல மணி நேரம் சிறிது சிறிதாக விடும். இதைச் சோதிக்கும் கருவியை ஆலையில் டிசல்யூஷன் என்றே சொல்வோம். ஆறு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் உடல் வெப்பமான 37 டிகிரியில் நீர்மம், நடுவில் சீராகச் சுழலும் துடுப்பு. ஆறு மாத்திரைகளை ஒரே நேரத்தில் இட்டு, முதல் மணி நேர முடிவில், பிறகு இடையில், பிறகு பத்தாவது மணி நேரத்தில் என மாதிரி எடுப்போம். முதல் மணியில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளிவந்தாலும் தவறு. பத்தாவது மணியில் போதிய அளவு வெளிவராவிட்டாலும் தவறு. இரவுப் பணியில் விடியற்காலை மாதிரி எடுக்கக் குனியும்போது, மாத்திரை இருந்த இடத்தில் ஜவ்வரிசிக் கஞ்சி நிறத்தில் கண்ணாடி போன்ற ஒரு பொதி மட்டும் அடியில் அசைந்துகொண்டிருக்கும். இதைப் பொடித்துச் சாப்பிட்டால், நாள் முழுவதற்குமான அளவு சில மணி நேரத்தில் குடலில் கொட்டப்படுகிறது. அம்மாவின் வயிற்றுப்போக்கு அங்கிருந்து வந்தது.

வாய்வழி செல்லும் மருந்துகள் எல்லாவற்றிற்கும் இன்னொரு சுங்கச்சாவடி உண்டு. குடலில் உறிஞ்சப்பட்டவை முதலில் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகின்றன. சில மருந்துகளில் பெரும்பகுதியைக் கல்லீரல் அங்கேயே மாற்றிவிடுகிறது. நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைப்பது, அங்குள்ள நாளங்கள் கல்லீரலைத் தவிர்த்து நேரே பொது இரத்த ஓட்டத்தில் சேர்வதால்தான். இன்சுலினோ புரதம் என்பதால் கல்லீரல்வரைகூடப் போகாது, வயிறே செரித்துவிடும்.

அம்மாவின் எண்ணத்தில் அடிப்படைப் பிழை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தில் மருந்தைத் தேனிலா, நெய்யிலா, பாலிலா, வெந்நீரிலா எதில் கொடுப்பது என்பதற்கு அனுபானம் என்று பெயர். அது மாறினால் பலன் மாறும் என்பது வைத்தியர்களின் கணக்கு. ஆலை மாத்திரைக்கு அனுபானம் உள்ளேயே வைத்து அழுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த அனுபானமே உயிரைக் குடித்த கதையும் உண்டு. சல்ஃபனிலமைடு, கிருமித்தொற்றுக்கு மாத்திரையாகவும் தூளாகவும் நன்றாகவே பயன்பட்டுவந்த மருந்து. 1937-இல் அமெரிக்காவின் டென்னசியில் இருந்த மாசென்கில் நிறுவனம் அதைத் திரவமாகத் தர விரும்பி, டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பானில் கரைத்து, ராஸ்பெரி சுவை சேர்த்து, எலிக்சிர் சல்ஃபனிலமைடு என்ற பெயரில் விற்றது. சுவை, நிறம், மணம் ஆகியவற்றைச் சோதித்தவர்கள் நச்சுத்தன்மையைச் சோதிக்கவில்லை. அன்றைய சட்டம் அதைக் கேட்கவும் இல்லை. குழந்தைகள் உட்பட 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எலிக்சிர் என்று பெயரிட்டால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்ற பெயர்க் குற்றத்தின் பேரில்தான் அதிகாரிகளால் அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது. விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்னும் சட்டம் அடுத்த ஆண்டு, 1938-இல் வந்தது.

அதே நச்சு 88 ஆண்டுகள் கழித்து நம் வாசலிலேயே நின்றது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வு காட்டியது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கரைப்பான் பீப்பாயைத் திறந்ததும் மாதிரி எடுத்து, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராபியில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அது ஒரு பகல் வேலைகூட இல்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

புதிய மருந்து விலங்குகளிடத்தும், பிறகு சில பத்து பேரிடத்தும், பிறகு நூற்றுக்கணக்கானோரிடத்தும், ஆயிரக்கணக்கானோரிடத்தும் படிப்படியாகச் சோதிக்கப்படுவது பலரும் அறிந்ததே. பழைய மருந்தை வேறொரு நிறுவனம் செய்யும்போது நடக்கும் சோதனை அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்கு மூல மருந்தையும் புதியதையும் இடைவெளி விட்டு மாற்றி மாற்றிக் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்து, மருந்தின் அளவு ஏறி இறங்குவதை ஒப்பிடுகிறார்கள்; இரண்டிற்கும் உள்ள விகிதம், புள்ளியியல் பிழை வரம்பையும் சேர்த்து, 80-க்கும் 125 விழுக்காட்டுக்கும் இடையில் அடங்க வேண்டும். அந்த ஒப்பீடு அத்தனையும் முழு மாத்திரையை வைத்து நடந்தது. இடிகல்லில் பொடித்ததை யாரும் சோதிக்கவில்லை.

மறுநாள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் முதலில் விழுங்குவதில் ஏன் சிரமம் என்று தொண்டையைப் பார்த்தார். பிறகு மெட்ஃபார்மினை எஸ்.ஆர். அல்லாத சாதாரண வகைக்கு மாற்றி, இரண்டு வேளையாகப் பிரித்தார். அதைப் பொடிக்கலாம். அமிலத்துக்கு ஒமிப்ரசோல் கேப்சூல் எழுதினார். அதைத் திறந்து, உள்ளே தனித்தனியாகப் பூச்சிட்ட குருணைகளை மெல்லாமல் ஒரு கரண்டி பழக்கூழோடு விழுங்கிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு கேப்சூலைத் திறந்து, குருணைகளைக் கரண்டியில் கொட்டிப் பார்த்து, "கசகசா மாதிரி இருக்குப்பா" என்றார். பிறகு இடிகல்லைக் கழுவி, ஏலக்காய் தட்டுவதற்காகத் திரும்ப மேல் தட்டில் வைத்தார்.